தாடிக்காரர் மகள்

யோகலட்சுமிக்கு வயது முப்பத்து மூன்று. ஊரில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "தாடிக்காரர் மக" என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அப்பாவின் தாடியைத் தொடாமல் அவள் கதையைச் சொல்ல முடியாது என்பதுதான் அவளுடைய பெரிய எரிச்சல். ஆனாலும் வேறு வழியில்லை. தாடியில்தான் தொடங்க வேண்டும்.

அப்பா சோலைமலைக்கு நாரணாபுரத்துக்குக் கிழக்கே ஏழு ஏக்கர் கரிசல் காடு. பருத்தி, மக்காச்சோளம், கொஞ்சம் மிளகாய். விடிந்தால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிப் போகும். அதைப் பார்த்து, "எங்க வீட்டு ஆளு எவனும் அடுத்தவன் கம்பெனி வேன்ல கால் வச்சதில்ல" என்று மீசையைத் தடவிக்கொள்வார். காட்டில் பாதி தரிசாகக் கிடப்பதைப் பற்றிப் பேச மாட்டார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி, மாசிக் களரி. பங்காளிகள் எல்லாரும் குலசாமி கோயிலில் கூடிக் கிடா வெட்டிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. சோலைமலையின் சித்தப்பா மகன் பாண்டிச்செல்வம் அன்றைக்குச் சாமிக்கு வெள்ளி அரிவாள் வாங்கிச் சாத்தியிருந்தார். அவர் மகள் பாண்டிச்செல்விக்கு வி.ஏ.ஓ. வேலை கிடைத்த சந்தோஷம். சாத்தியதோடு விட்டிருக்கலாம். இலையில் கறி விழும் நேரம் பார்த்து, "அண்ணே, நம்ம யோகா என்ன செய்யுது? வீட்லதான் இருக்கா?" என்று கேட்டார்.

கேள்வியில் குற்றம் ஒன்றும் இல்லை. சோலைமலைக்குத்தான் கறி தொண்டையில் இறங்கவில்லை. எச்சில் கையோடு எழுந்தார். நேராகச் சாமி முன்னால் போய் நின்று, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார்.

"ஏ கருப்பா! எம்மக கவர்மெண்டு நாற்காலில உக்கார்ற வரைக்கும் என் மூஞ்சில கத்தி படாது. இது சத்தியம்!"

மகள் அப்போது பந்தியின் கடைசியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்தொரு வயது, பி.எஸ்ஸி. கணிதம் முடித்து ஆறு மாதம். தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டால் வேண்டியவர் கைதான் சுடும். சோலைமலை வேண்டிக்கொண்டதோ புது மாதிரி. மயிர் வளர்வது அவருக்கு, படிக்க வேண்டியது இவளுக்கு. உலகத்திலேயே சுலபமான நேர்த்திக்கடன் அதுதான் என்று யோகலட்சுமி பின்னாளில் நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்திருக்கிறாள்.

முதல் வருஷம் தாடிக்கு மரியாதை இருந்தது. கண்டக்டர் "சாமி, உள்ள வாங்க" என்று இடம் கொடுத்தார். இரண்டாம் வருஷம் அது நெஞ்சுக்கு இறங்கியது. பருத்தி எடுக்கும் காலத்தில் பஞ்சு ஒட்டும். மிளகாய் வற்றல் அள்ளும் காலத்தில் தூள் ஏறிக்கொண்டு நாளெல்லாம் தும்முவார். கம்மங்கூழ் குடிக்கும்போது இடது கையால் தாடியை ஒதுக்கிப் பிடித்துக்கொள்வார். அப்படியும் பாதி அதில்தான் வழியும். "ஆக்குறதுல பாதி இந்த மசுருக்கே போகுது" என்று அம்மா கற்பகவல்லி அடுப்படியிலிருந்து திட்டுவாள். திட்டு அவர்மேல் விழுந்தாலும் அவள் பார்வை மகள்மேல்தான் இருக்கும்.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் சோலைமலையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். "வீட்ல ஏதும் கெட்ட காரியமா? நாங்க வேணா இன்னொரு நாள் வரட்டுமா?" என்றார்கள். அடுத்து அருப்புக்கோட்டையிலிருந்து வந்தவர்கள் பொறுமைசாலிகள். வேலை எப்போது வரும் என்று கேட்டார்கள். "அடுத்த லிஸ்ட்ல" என்றார் சோலைமலை. இரண்டு லிஸ்ட் வரைக்கும் காத்திருந்து பார்த்துவிட்டு, அந்தப் பையனுக்குத் தூத்துக்குடியில் பெண் எடுத்தார்கள்.

நியாயமாகச் சொன்னால், முதல் நாலு வருஷம் யோகலட்சுமியும் வெறியாகத்தான் படித்தாள். அவளுக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது. காலை நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் சட்டப் பிரிவு, சங்க இலக்கியம், நதிகள், படையெடுப்புகள் என்று ஒப்பிப்பாள். முதல் பரீட்சையில் மூன்று கேள்வி குறைந்து வேலை கைவிட்டுப் போனது. இரண்டாவதில் ஒரே ஒரு கேள்வியில் போனது.

அந்த ஒரு கேள்விதான் குடியைக் கெடுத்தது. முப்பது கேள்வியில் போயிருந்தால் அன்றைக்கே எல்லாரும் தலைமுழுகியிருப்பார்கள். ஒன்று என்றதும் வீட்டுக்கே பேய் பிடித்துக்கொண்டது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சோலைமலை ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுவார். "ஒண்ணே ஒண்ணு! மயிரிழையில போச்சு." கேட்கிறவர்கள் அவர் தாடியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்கள். விடாமுயற்சி என்ற வார்த்தையை அந்த வருஷத்தில் கேட்ட அளவுக்கு அவள் ஆயுளில் கேட்டதில்லை. அதைச் சொன்ன ஒருத்தராவது அவள் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தவர் கிடையாது.

அடுத்த பரீட்சையில் ஒன்பது கேள்வி. அதற்கடுத்து பதினாலு. குரூப் நாலு, குரூப் இரண்டு, கோர்ட் வேலை, கூட்டுறவு பேங்க் என்று எதையும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் எத்தனை கேள்வியில் போனது என்பதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்தாள். கணிதம் படித்தவள். மூன்று, ஒன்று, ஒன்பது, பதினாலு, பதினாறு, இருபத்தாறு. இந்த வரிசை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ள டிகிரி தேவையில்லை. படித்தது ஏற மறுத்தது. ஏறினது தங்க மறுத்தது. பக்கத்து மேசையில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் வட்டத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே போகும் வேகத்தைப் பார்த்தால் தன் தாளில் எந்த வட்டத்தில் நிற்கிறோம் என்பதே அவளுக்கு மறந்து போகும்.

இருபத்தாறு வந்த அன்று அவள் அழவில்லை. அப்பாடா என்றிருந்தது. இனிமேல் யாரும் ஒற்றை விரலைத் தூக்க முடியாது என்று நினைத்தாள். நேராக அப்பாவிடம் போய்ச் சொன்னாள்.

"அப்பா, இனிமே எனக்கு இது ஏறாதுப்பா. விட்ருவோம்."

சோலைமலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கென்று பார்த்து அதில் ஏதோ ஒரு செய்தி. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார். "டிகிரி முடிச்ச நம்ம ஆளுகளுக்கு அந்தப் பரீட்சைக்கு வயசு வரம்பே கிடையாதாம், பாரு. கவர்மெண்டே போதும்னு சொல்லல. நீ யாருளா சொல்றதுக்கு?"

அடுத்த வாரம் புது கைடு வாங்கி வந்தார். அந்தப் பரீட்சையை அன்றைக்கே அவள் மனசுக்குள் விட்டுவிட்டாள். வாயால் விடத்தான் தைரியம் வரவில்லை.

சிவகாசியில் நூலகத்துக்குப் போய்ப் படிக்கிறேன் என்று வீட்டில் சொன்னாள். பஸ்ஸில் நூலகத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினாள். அங்கே ஒரு காலண்டர் அச்சகத்தில் அவளோடு கல்லூரியில் படித்த அழகுமீனா இருந்தாள். தினசரிக் காலண்டரில் நாம் காலையில் கிழித்துப் போடுகிறோமே, அந்தத் தாளை அச்சுக்குப் போகும் முன் சரிபார்ப்பது அழகுமீனாவின் வேலை. தேதி, திதி, ராகு காலம், நல்ல நேரம், விரத நாள், அரசு விடுமுறை. ஒரு வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து தாள். ஒரு தாளில் ஒரு எண் தப்பினால் லட்சம் வீட்டில் தப்பும்.

"சும்மா ஒரு வாரம் வந்து பாரு. கண்ணு நல்லாருக்கான்னு பாப்போம்" என்றாள் அழகுமீனா.

மூன்றாம் நாளே யோகலட்சுமி வைகுண்ட ஏகாதசியைப் பிடித்துவிட்டாள். ஒரு நாள் முந்தி விழுந்திருந்தது. மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள். அப்படியே போயிருந்தால் லட்சம் குடும்பம் தசமியன்றைக்குப் பட்டினி கிடந்துவிட்டு, ஏகாதசியன்றைக்கு இட்லி தின்றிருக்கும். முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து, "யாரு இந்தப் புள்ள?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆறு பரீட்சை எழுதி அவளுக்குக் கிடைக்காத ஒரு கேள்வி அது.

இரண்டு வருஷத்தில், அவள் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு இழுக்காமல் எந்தத் தாளும் மெஷினுக்குப் போகாது என்றாகிவிட்டது. அத்தனை வருஷம் தலையில் கொட்டி வைத்த குப்பையெல்லாம் அங்கே உரமானது. எந்தத் தலைவருக்கு எந்தத் தேதியில் பிறந்தநாள் என்று மெஷின்காரர் கேட்டால் தாளைப் பார்க்காமலே சொல்வாள். வேலைக்குப் போகிறோம் என்ற நினைப்பே காலையில் அவளை எழுப்பியது. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் மட்டும் முகத்தைப் படித்துக் களைத்தவள் மாதிரி வைத்துக்கொள்வாள். அந்த நடிப்பு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

நடிப்புக்காக நடுவில் ஒரு பரீட்சையும் எழுதினாள். ஒரு மணி நேரத்தில் கைக்கு வந்ததைக் கறுப்பாக்கிவிட்டு, மிச்ச நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டுக் கேள்வியில் போனது. "புள்ளைக்கு அன்னைக்கு மேலுக்குச் சரியில்ல" என்று சோலைமலை ஊரெல்லாம் சொல்லி வைத்தார்.

குட்டு உடைந்தது போன ஜூன் மாதம். உடைத்தது பாண்டிச்செல்வம். பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கும் யோசனையில், தன் படம் போட்டு இருநூறு காலண்டர் ஆர்டர் கொடுக்க அதே அச்சகத்துக்கு வந்திருந்தார். கையில் பென்சிலோடு நின்ற அண்ணன் மகளைக் கண்டார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு நேராக ஊர் டீக்கடைக்கு வந்தார். அங்கே ஏழெட்டுப் பேர் நடுவில் உட்கார்ந்திருந்த சோலைமலையிடம் பல்லைக் காட்டினார்.

"என்னண்ணே, யோகாவுக்கு வேலை கிடைச்சிருச்சு போல. சொல்லவே இல்ல? இன்னும் எதுக்கு இந்தச் சுமை, எடுத்துர வேண்டியதானே!"

அன்று சாயங்காலம் யோகலட்சுமி வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே கைடு ஒன்று பறந்து வந்து அவள் தோளில் விழுந்தது.

"கம்பெனிக்கா போற? ஏழு ஏக்கர் வச்சிருக்கவன் மக, மாசச் சம்பளத்துக்கு அடுத்தவன்கிட்டத் தாள் எண்ணுறியா?"

"எண்ணலப்பா. தப்புப் பாக்குறேன்."

"எம் பொளப்புல இருக்க தப்பு ஒனக்குத் தெரியலயா? பன்னெண்டு வருசம்! பன்னெண்டு வருசமா இதைச் சொமக்குறேன்!" என்று தாடியை இரண்டு கையாலும் அள்ளிக் காட்டினார்.

அவளுக்கும் அன்றைக்கு வாய் திறந்துகொண்டது. "தெக்குப் பொஞ்சையில போர் போட்டீகளே, ஞாவகம் இருக்கா? எளுநூறு அடில வெறும் புகைதான் வந்துச்சு. லாரிக்காரரு இன்னும் நூறு அடி பாப்போம்னாரு. நீங்க என்ன சொன்னீக? புகை வர்ற எடத்துல தண்ணி வராதுய்யா, ராடைத் தூக்குன்னு சொன்னீகளா இல்லையா? பூமிக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா?"

"அது வேற. அதுல என் சத்தியம் இல்ல."

"சத்தியம் செஞ்சது நீங்க. நான் இல்ல."

தட்டு ஒன்று சுவரில் மோதி உருண்டது. கற்பகவல்லி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். இரண்டு பேரையும் ஒரே மாதிரி வெறுப்போடு பார்த்தாள்.

"அப்பனும் மகளும் சேந்து என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டுத்தான் விடுவீக. நீங்களும் முடிவு சொல்ல வேணாம், அவளும் சொல்ல வேணாம். சத்தியம் வாங்குனவன் அங்கனதான இருக்கான்? கருப்பன்கிட்டயே பூப்போட்டுக் கேட்டுட்டு வாங்க. அவன் சொல்றதை ரெண்டு பேரும் கேளுங்க."

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் கோயிலுக்குப் போனார்கள். முறை இதுதான்: ஒரே மாதிரி இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு அரளி. சாமி காலடியில் போட்டுக் குலுக்கி, மனசில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் பரீட்சை தொடர்வது, சிவப்பு வந்தால் நிறுத்துவது என்று சோலைமலையே சத்தமாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

யோகலட்சுமிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அத்தனை வருஷத்தில் அந்தச் சாமி மேல் அவளுக்கு அன்பு வந்த நேரம் அது ஒன்றுதான். கை கூப்பப் போனாள்.

"பொட்டலம் ஈரமா இருந்துச்சு. அதான் கையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. இன்னொருக்கப் போடுங்க" என்றார் சோலைமலை.

பூசாரி அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "சாமிகிட்ட ரெண்டு வாட்டி கேக்கக் கூடாதுங்க."

"வருசா வருசம் கிடா குடுக்குறவன் கேக்குறேன். போடுங்க."

காய்ந்த தாளில் மடித்துப் போட்டார்கள். மறுபடியும் சிவப்பு. கற்பகவல்லி, "எந்திரிங்க, போதும்" என்று முழங்கையைப் பிடித்து இழுத்தாள். சோலைமலை கையை உதறினார். பூசாரி எடுத்தது சரியில்லை என்று தானே குனிந்து பொட்டலங்களைக் குலுக்கினார். தானே எடுத்தார். தானே பிரித்தார். வெள்ளை.

"ஆ! சொன்னாருல்ல!" என்று தாடி மண்ணில் புரள நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

பூசாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். யோகலட்சுமி அங்கே நின்று அப்பாவின் முதுகைப் பார்த்தாள். மூன்று தடவை என்ன, முப்பது தடவை என்றாலும் வெள்ளை வரும் வரைக்கும் இந்த ஆள் எடுத்துக்கொண்டேதான் இருப்பார். கருப்பனாலேயே ஆகாத காரியத்துக்குத்தான் அவள் பன்னிரண்டு வருஷமாக மல்லுக்கட்டியிருக்கிறாள். அரசாங்கப் பரீட்சையை எப்போதோ விட்டாயிற்று. அப்பாவுக்குப் புரியவைக்கிற பரீட்சையைத்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு அங்கே உறைத்தது. அதையும் விட்டுவிடுவது என்று வீட்டுக்கு வரும் வழியில் முடிவு செய்தாள். அதற்கப்புறம் அவரோடு ஒரு வார்த்தை வாதாடவில்லை. மகள் வழிக்கு வந்துவிட்டாள் என்று சோலைமலை பாண்டிச்செல்வத்தின் வீட்டு வாசல் வழியாக இரண்டு தடவை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

ஜூலையில் பரீட்சை வந்தது, சனிக்கிழமை. சென்டர் விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடம். அச்சகத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. ஆடிப்பெருக்கன்றைக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாக வேண்டும். மூன்று வாரம்கூட இல்லை. முந்தின நாள் அழகுமீனா, "நாளைக்கு லீவுதானே?" என்று கேட்டதற்கு, "பதினொரு மணிக்கு வந்திருவேன்" என்றாள் யோகலட்சுமி.

மகளை நம்பி பஸ்ஸில் விடச் சோலைமலைக்கு மனசில்லை. மொபெட்டில் தானே கூட்டிப் போனார். ஹால் டிக்கெட்டை விபூதி தடவி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தன் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். வழி நெடுகக் காற்றில் அந்தத் தாடி இரண்டாகப் பிரிந்து தோளுக்குப் பின்னால் பறந்து, உட்கார்ந்திருந்தவள் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. அவள் முகத்தைத் திருப்பித் திருப்பி உட்கார்ந்தாள்.

எட்டே முக்காலுக்கு வாசலில் நல்ல கூட்டம். ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள், அதற்கப்புறம் எவரையும் உள்ளே விடமாட்டார்கள் என்பது ஹால் டிக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிற விதி. பெண்கள் தோட்டைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் நின்ற வாக்கில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வேப்ப மரத்தடியில் மொபெட்டை நிறுத்திவிட்டுச் சோலைமலை உறையை நீட்டினார்.

"போத்தா. சாமியை நெனச்சுக்கிட்டு எளுது."

யோகலட்சுமி வாங்கவில்லை. "நான் உள்ள போகலப்பா."

அவருக்கு முதலில் காதில் ஏறவில்லை. ஏறியதும் சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பல்லைக் கடித்தார். "ஏ களுத, ரோட்ல வச்சு மானத்தை வாங்காத. உள்ள போ."

"போகல."

கை ஓங்கினார். பக்கத்தில் தோடு கழற்றிக்கொண்டிருந்த பெண்ணின் அம்மா, "பெரியவரே!" என்று ஒரு அதட்டல் போட்டாள். ஓங்கின கை அப்படியே நின்று, கீழே இறங்கி, மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"இந்த ஒரு தடவை. இதான் கடைசி."

"போன தடவையும் இதைத்தான் சொன்னீக."

"எளுத வேணாம். ஒண்ணும் எளுத வேணாம். உள்ள போயிச் சும்மா உக்காந்துட்டாவது வாத்தா."

அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. அறுபத்தெட்டு வயது மனிதர், பட்டப்பகலில், முன்பின் தெரியாத கூட்டத்துக்கு நடுவில். மூன்று மணி நேரம்தானே, போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் என்ன என்று யோகலட்சுமியின் கால் அரை அடி முன்னால் நகர்ந்ததும் உண்மைதான். இதற்கு முந்தி இப்படித்தான் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அப்படி உட்கார்ந்ததுதான் இன்றைக்கும் அவளை இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. நகர்ந்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இன்னைக்குச் சும்மா உக்காந்தா அடுத்த வருசமும் சும்மா உக்காரணும்ப்பா. என்னால ஆகாது."

"அப்ப இது?" நெஞ்சில் கிடந்ததைப் பிடித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதுக்கு என்ன பதில் சொல்ற?"

"அது நீங்க வளத்தது."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது அவரைப் போய்த் தைத்தது. பிடித்திருந்த மணிக்கட்டை விட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து உள்ளே மணி அடித்தார்கள்.

சோலைமலை ஓடினார். வேட்டி தடுக்க, ஒரு கையில் உறை, ஒரு கையில் தாடி. மூடிக்கொண்டிருந்த கேட்டைப் போய்த் தாங்கிப் பிடித்தார். "இருங்க சார், இருங்க! புள்ள வந்துட்டா, வந்துட்டா!"

கேட்டில் நின்ற போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். "எங்கய்யா? வரச் சொல்லு, சீக்கிரம்."

சோலைமலை திரும்பிப் பார்த்தார். ரோட்டுக்கு இந்தப் பக்கம், வேப்ப மர நிழலில், யோகலட்சுமி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. போலீஸ்காரர் நாலு விநாடி காத்துப் பார்த்துவிட்டு இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.

"தெறங்க சார்! ஒரு நிமிசம்தானே ஆகுது, தெறங்க!" சோலைமலை கம்பியைப் பிடித்து உலுக்கினார். உறையைக் கம்பிக்கு நடுவே உள்ளே திணித்தார். "இந்தாங்க, ஹால் டிக்கெட் இருக்கு. எல்லாம் சரியா இருக்கு, பாருங்க. உள்ள விடுங்க!"

போலீஸ்காரர் உறையை வாங்கி, அதிலிருந்த பெண்ணின் படத்தைப் பார்த்தார். அப்புறம் கம்பியில் சிக்கிக்கொண்டிருந்த தாடியைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பெரியவரே, பரீட்சை யாருக்கு?"

"எனக்குத்தான் சார்!" என்று கத்தினார் சோலைமலை. "எனக்குத்தான்! உள்ள விடுங்க!"

கேட்டுக்கு வெளியே நின்ற அம்மாக்களும் அப்பாக்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்ன சொன்னோம் என்பதுகூட அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. மறுபடியும் மறுபடியும் அதையே சொல்லிக் கம்பியை உலுக்கிக்கொண்டிருந்தார்.

யோகலட்சுமிக்கு அது ரோட்டுக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. போய் அவர் தாடியைக் கம்பியிலிருந்து எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அதை அங்கே நின்றிருந்த யாரோ ஒரு அம்மா எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார். சிவகாசி பஸ் வந்தது. அவள் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.